சார் கைக்குத் திரும்பாத சாவி

டிரைவர்களுக்கென்று ஒரு குணம் உண்டு. வண்டியில் சின்னதாக ஒரு கோளாறு வந்தால் முதலாளியிடம் சொல்ல மாட்டார்கள். கதவு ஒட்டிக்கொண்டால் இடுப்பால் ஒரு இடி இடித்துத் திறப்பார்கள். ஹாரன் கத்தவில்லையென்றால் எந்த ஓரத்தில் அழுத்தினால் கத்தும் என்று கண்டுபிடித்து வைத்துக்கொள்வார்கள். அதோடு விட்டால் பரவாயில்லை. "இந்த வண்டி என் கைக்குத்தான் கேக்கும்" என்று டீக்கடையில் பீற்றிக்கொள்ளவும் செய்வார்கள். அசோகனும் அப்படிப்பட்டவர்தான். அந்தக் குணம் அவரை ஒரு நல்ல மனிதரின் முன்னால் தலைகுனிய வைத்தது.

அசோகன் ஸ்ரீராம்புரத்துக்காரர். தாத்தா காலத்தில் திருப்பத்தூர்ப் பக்கமிருந்து மில் வேலைக்கு வந்த குடும்பம். அப்பா மாநகராட்சியில் இருந்தார். பௌத்தம் தழுவிய கையோடு பிறந்த மகனுக்கு அசோகன் என்று பேர் வைத்தார். அசோகன் தன் பங்குக்கு மகளுக்குச் சங்கமித்ரா என்று வைத்து, நர்சிங் படிக்க வைத்து, ஓசூரில் கட்டிக்கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் விகாரத்துக்குப் போவார். எல்லோரும் சேர்ந்து பஞ்சசீலம் சொல்லும்போது, பொய் பேசமாட்டேன் என்கிற நாலாவது சீலத்தை மட்டும் கொஞ்சம் வேகமாகச் சொல்லித் தாண்டிவிடுவார். "சிக்னல்ல இருக்கேன் சார், அஞ்சு நிமிஷம்" என்று ஆயுசெல்லாம் சொன்ன வாய்க்கு அதை நிதானமாகச் சொல்லக் கூச்சம்.

லாரியில் கிளீனராகத் தொடங்கி, ஆட்டோ ஓட்டி, ஐ.டி. கம்பெனிக்கு ஷிப்ட் வண்டி ஓட்டினார். தூக்கம் கெட்டு ஒருமுறை சிக்னலிலேயே கண் அசந்துவிட்டார். பின்னால் நின்ற பஸ்காரன் கதவைத் தட்டி எழுப்பினான். அதைக் கேட்டதும் அவர் மனைவி முத்தம்மா, "பகல் வேலையா பாரு, இல்லாட்டி வீட்லயே குந்து" என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள். அப்படித்தான் ஜோகுபாளையத்தில் சுந்தரேசன் வீட்டுக்கு டிரைவராக வந்தார். பத்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

சுந்தரேசன் ஓர் அரசுத் தொழிற்சாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தைந்தைத் தாண்டியவர். அவரும் மனைவி தமயந்தியும் மட்டும்தான் வீட்டில். காரும் கிட்டத்தட்ட ஓய்வு பெறும் வயதுதான், ஆனால் சார் அதை விற்க மாட்டார். கார் ஓட்டுவதில் சாருக்கு அப்படியொரு ஆசை. வாரநாளில் ஆஸ்பத்திரி, பாங்க், கல்யாணம் என்று அலைச்சலுக்கு அசோகன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டி சாருடையது. தமயந்தியம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து அல்சூர் ஏரியைச் சுற்றி, கோயிலில் நிறுத்தி, எங்கேயாவது மசால் தோசை வாங்கிக்கொடுத்துத் திரும்புவார். திங்கட்கிழமை அசோகன் வந்ததும், "நேத்து ஒரு ஹாரன் அடிக்கலை தெரியுமா, அவ்வளவு டிராபிக்ல" என்று சின்னப் பிள்ளை மாதிரி சொல்வார்.

அப்படிப்பட்டவர், போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய மெட்ராஸ் ரோட்டின் நடுவில் காரை நிறுத்திவிட்டார். எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்பது சட்டென்று நினைவில் இல்லை. பின்னால் எல்லா வண்டியும் அலற, தமயந்தியம்மா பக்கத்திலிருந்து அழ, ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர் வந்து காரை ஓரம் கட்டினார். டாக்டர், மறதி நோயின் தொடக்கம் என்றார். மாத்திரை கொடுத்தார். ஆனால் 'இனி நீங்கள் ஓட்டக்கூடாது' என்கிற ஒரு வார்த்தையைச் சாரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை.

அதன் பிறகு சில மாதம் சாரே ஸ்டியரிங் பக்கம் போகவில்லை. ஒரு நாள் காலையில், சார் சட்டை மாற்றிக்கொண்டு கீழே இறங்கி வந்தார். "இன்னைக்கு நான் ஓட்டறேன் அசோகா. நீ பக்கத்துல உட்காரு."

 முடியாது என்று சொல்ல அசோகன் யார்? காரோ சாருடையது. சாவியை நீட்டினார். சார் உட்கார்ந்து, சாவியைச் செருகித் திருப்பினார். திரும்பவில்லை. இன்னொரு முறை திருப்பினார். அசையவே இல்லை.

விஷயம் என்னவென்றால், சார் ஓட்டாமலிருந்த அந்த மாதங்களில், வண்டியைக் கிளப்பும் இக்னிஷன் பூட்டு தேய்ந்துபோயிருந்தது. சாவியை முழுக்கச் செருகி, ஒரு நூல் அளவு வெளியே இழுத்து, இடது கையால் ஸ்டியரிங்கை லேசாக ஆட்டிக்கொண்டே திருப்பினால்தான் பிடிக்கும். அந்தச் சூட்சுமம் அசோகன் கைக்கு மட்டும் தெரியும். வழக்கம்போல அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அந்த நிமிஷத்திலாவது, 'பூட்டு தேஞ்சுபோச்சு சார்' என்று சொல்லியிருக்கலாம்.

"அவசரப்படாதீங்க சார். கொடுங்க" என்றார். சாரை இறக்கிவிட்டு, தான் உட்கார்ந்து, உடம்பால் மறைத்துக்கொண்டு ஒரே திருப்பில் ஸ்டார்ட் செய்தார்.

"உனக்கு மட்டும் எப்படிப்பா?"

"கைராசி சார்."

சார் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கம் உட்கார்ந்தார். அசோகனுக்குப் பெரிய கண்டத்திலிருந்து தப்பித்த நிம்மதி. சார் ஓட்டினால் யார் மேலாவது மோதிவிடுவார் என்கிற பயம் பாதி. சாரே ஓட்ட ஆரம்பித்துவிட்டால் தன்னை எதற்கு வைத்துக்கொள்வார்கள் என்கிற பயம் பாதி. இரண்டில் எது பெரிய பாதி என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

தமயந்தியம்மா கெட்டிக்காரி. இரண்டு நாளில் விஷயத்தைக் கண்டுபிடித்து, மார்க்கெட்டில் காய் வாங்கும் சாக்கில் அசோகனைத் தனியே நிறுத்திக் கேட்டார். அசோகன் மென்று விழுங்கி உண்மையைச் சொன்னார்.

"சரி, அந்தச் சாவி அப்படியே இருக்கட்டும்" என்றார் அம்மா. "நம்மால சொல்ல முடியாததைக் கடவுளே பார்த்துச் சொல்லிட்டார்."

"சரிங்கம்மா."

கடவுள் மேல் பழியைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் நிம்மதியாக இருந்தார்கள். வருஷம் ஒன்று ஓடிவிட்டது. சார் மெல்ல மெல்ல ஒடுங்கினார். முதலில் காலையில் ஏரிப்பக்கம் நடக்கப் போவதை நிறுத்தினார். பிறகு தானே காபி கலப்பதை விட்டார். முகச்சவரம் செய்துகொள்வதைக் கூட விட்டுவிட்டார். வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு ஆள் வந்து செய்துவிட்டுப் போனார். நோய் முற்றுகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

போன கார்த்திகையில் டாக்டரைப் பார்க்கப் போனார்கள். அசோகன் வெளியே காரில் காத்திருந்தார். சாருக்கு ஏதோ படம் எடுக்க உள்ளே அழைத்துப்போன நேரத்தில், தமயந்தியம்மா மட்டும் காருக்கு வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"என்னம்மா, டாக்டர் எதாவது..."

"டாக்டர் ஒண்ணும் சொல்லலை. இவர்தான் சொன்னார். என்னென்ன செய்ய முடியுது, என்னென்ன முடியலைன்னு டாக்டர் கேட்டார். இவர் சொல்றார், 'நாற்பது வருஷமா கார் ஓட்டினவன் டாக்டர். இப்ப சாவியைத் திருப்பத் தெரியலை. டிரைவர் என் கண் முன்னாடி திருப்பறான், எனக்கு வரலை. ஞாயித்துக்கிழமை அவன் இல்லாதப்போ கீழ போய் உட்கார்ந்து திருப்பித் திருப்பிப் பார்க்கறேன். கையே மறந்துபோச்சு. சாவியே திருப்பத் தெரியாதவனுக்கு வேற என்ன தெரியப்போகுது'ன்னு."

அசோகன் காரிலிருந்து இறங்கி நின்றார்.

"நான் கோயிலுக்குப் போயிருக்கற நேரத்துல இறங்கிப் போயிருக்கார் அசோகா. ஒவ்வொரு வாரமும். எனக்கே தெரியாது. காபி போடறதை விட்டது, நடக்கப் போறதை விட்டது, எல்லாம் அதுக்கப்புறம்தான். நான் நோய்னு நினைச்சேன்." அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பூட்டை மாத்திடு."

"மாத்திட்டா ஓட்டுவாரும்மா."

"தெரியும்."

"ரோட்டுல குழந்தைங்க போவுது, வருது. நாளைக்கு எதாவது ஆச்சுன்னா..."

"அதுவும் தெரியும். எனக்கு மட்டும் பயம் இல்லையா? ஆனா தான் ஒண்ணுக்கும் ஆகாதவன்னு தினம் தினம் அவர் உட்கார்ந்துட்டு இருக்கறதை இதுக்கு மேல பார்க்க முடியலை."

அன்று வீட்டுக்குப் போனதும் முத்தம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினார். முத்தம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். கடைசியில் நிமிர்ந்து பார்த்து, "கைராசின்னா சொன்ன? ரொம்ப நல்லாருக்குது உன் ராசி" என்றாள். மறுபடி கீரைக்குக் குனிந்துகொண்டாள். அசோகனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தான் ஒரு மனிதரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக அவர் நம்பியிருந்தார். அந்த மனிதரோ ஞாயிறு தோறும் தனியாகக் காரில் உட்கார்ந்து, தன் புத்தியைத் தானே சோதித்து, தோற்று, மாடிப்படி ஏறிப்போயிருக்கிறார். அந்த நேரத்தில் அசோகன் விகாரத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வெட்கமாக இருந்தது.

மறுநாள் ஜாய்சனை வரவழைத்தார். ஜாய்சன் அல்சூரில் சின்னதாக ஒரு மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவர். வாய் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது. உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் தேடி அந்தப் பழைய மாடலுக்குப் புது இக்னிஷன் செட் வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். பேச்சுச் சத்தம் கேட்டு சாரும் இறங்கி வந்து, நாலு நாள் தாடியோடு, ஸ்வெட்டர் மேல் கையைக் கட்டிக்கொண்டு கடைசிப் படியில் நின்றார். தமயந்தியம்மா மேலே பால்கனியில் நின்றார்.

பழைய சாவியைச் செருகி ஜாய்சன் திருப்பிப் பார்த்தார். திரும்பவில்லை. மாற்றி மாற்றித் திருப்பினார். பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினார்.

"இன்னாண்ணா இது? திரும்பவே மாட்டேங்குது. இத்த வெச்சிகினு எப்டி ஓட்டிகினு இருந்த?"

படியில் நின்ற சார் ஒரு அடி முன்னால் வந்தார். அசோகன் தரையைப் பார்த்தார்.

ஜாய்சன் பேட்டரி ஒயரைக் கழற்றினார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மூடியைப் பிரித்தார். பூட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகளுக்குத் தலை கிடையாது. திருடன் கழற்றிவிடக்கூடாது என்று கம்பெனியிலேயே முடுக்கித் தலையை உடைத்துவிட்டிருப்பார்கள். உளி வைத்துத் தட்டித் தட்டி அவற்றைச் சுழற்றி எடுத்தார். பூட்டு வெளியே வந்ததும் அதைப் பிரித்து, உள்ளே இருந்த பித்தளைத் தகடுகளை உள்ளங்கையில் கொட்டிச் சாரிடமே நீட்டினார்.

"பாருங்க சார், வழவழன்னு தேஞ்சிருக்குது. சாவிலயும் பல்லு போயிடுச்சி. இது செத்து ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும். அண்ணன் சும்மா ஏதோ தகிடுதத்தம் பண்ணி ஓட்டியிருக்காரு."

"யார் திருப்பினாலும் திரும்பாதா?" என்று கேட்டார் சார்.

"என் கைக்கே திரும்பலையே சார். நீங்க பாத்தீங்க இல்ல."

சார் அந்தத் தகடுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அசோகனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அசோகன் தாங்கியிருப்பார்.

"ஒரு வருஷமா எனக்குப் புத்தி போயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் அசோகா."

"சார்..."

"உனக்குத் தெரியும். நீ சொல்லவே இல்லை."

"பயந்துட்டேன் சார்."

"எதுக்கு?"

"நீங்க ஓட்டுவீங்கன்னு பயம். நீங்களே ஓட்டிட்டா நான் எதுக்குன்னும் பயம்."  வாழ்க்கையில் பல பொய்களை அலட்டிக்கொள்ளாமல் சொன்னவருக்கு, அந்த உண்மையைச் சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது.

 ஜாய்சனுக்கும் ஏதோ புரிந்தாற்போல, வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தார். புதுப் பூட்டைப் பொருத்தி, ஒயரை மாட்டி, பேட்டரியை இணைத்தார். இனி கதவுக்குப் பழைய சாவி, ஸ்டார்ட் செய்யப் புதுச் சாவி என்று விளக்கினார். புதுச் சாவி அசோகனிடம்தான் நீட்டப்பட்டது. அசோகன் அதை வாங்கிச் சாரிடம் கொடுத்தார்.

சார் உள்ளே உட்கார்ந்தார். செருகினார்.  திருப்பினார். முதல் திருப்பிலேயே என்ஜின் எழுந்தது.

அணைத்தார். மறுபடி திருப்பினார். எழுந்தது. அணைத்தார். மறுபடியும் திருப்பினார். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. பால்கனியில் தமயந்தியம்மா அழுதது நன்றாகத் தெரிந்தது.

"சார், பேட்டரி எறங்கிடும் சார்" என்றார் ஜாய்சன்.

சார் கியரைப் போட்டார்.  கார் மெல்ல நகர்ந்து கேட்டை நோக்கிப் போனது. கேட் திறந்திருந்தது. வெளியே தெருவில் ஒரு தள்ளுவண்டியும், ஸ்கூட்டரில் ஒரு பெண்ணும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும் போய்க்கொண்டிருந்தார்கள். அசோகன் ஓடிப்போய்க் குறுக்கே நிற்கலாமா என்று நினைத்தார். 

கேட்டுக்கு உள்ளேயே கார் நின்றது. சார் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கண்ணாடி வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். அசோகன் கதவருகே போய் நின்றார்.

"பழைய மெட்ராஸ் ரோட்ல அன்னைக்கு நின்னேனே," என்றார் சார், தெருவிலிருந்து கண்ணை எடுக்காமல், "அது பூட்டு இல்லை. அது நான்தான். எனக்குத் தெரியாதா? நீங்க யாரும் என்கிட்ட வாயால சொல்லியிருந்தா அன்னைக்கே சாவியைக் கொடுத்திருப்பேன். கோபப்பட்டிருப்பேன், ரெண்டு நாள் சாப்பிடாம இருந்திருப்பேன். ஆனா கொடுத்திருப்பேன்."

"தப்புதான் சார்."

"தெருவுல நான் ஓட்டலை. ஆனா தினமும் ஸ்டார்ட் பண்றது நான்தான். இந்தச் சாவி என் பையிலதான் இருக்கும்." பிறகு திரும்பி அசோகனைப் பார்த்தார். "இனிமே தப்பு வண்டி மேலன்னா வண்டின்னு சொல்லு. என் மேலன்னா என் மேலன்னு சொல்லு. ரெண்டையும் கலக்காதே."

அப்படியே நடந்தது. தினமும் காலையில் சார் இறங்கி வந்து, வலது பக்கம் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்வார். என்ஜின் சூடேறும் வரை உட்கார்ந்திருப்பார். பிறகு இறங்கிச் சுற்றிப்போய் இடது பக்கம் உட்காருவார். சாவி சாரின் பையில் இருக்கிறதே என்று முதல் சில ஞாயிற்றுக்கிழமைகள் அசோகனுக்கு விகாரத்தில் மனசே ஒட்டவில்லை. திங்கட்கிழமை வந்ததும் முதலில் டயரைப் பார்ப்பார். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். தாடி போயிற்று. காபி திரும்ப வந்தது. சார் கலந்த காபியில் சர்க்கரை ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது. அசோகனுக்கும் ஒரு டம்ளர் உண்டு. அவர் ஒரு குறையும் சொல்லாமல் குடித்தார். சில நாள் ஏரிப்பக்கம் நடக்கவும் போனார்கள். நோய் எங்கேயும் போய்விடவில்லை, அது தன் பாட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் இல்லாத நோயையும் சேர்த்துச் சுமக்கிற பாரம் சாருக்குக் குறைந்திருந்தது.

மழைக்காலம் வந்தது. ஒரு காலையில் தூறிக்கொண்டிருந்தது. சார் உள்ளே உட்கார்ந்திருந்தார். அசோகன் வெளியே பின்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்தும் என்ஜின் சத்தம் வரவில்லை. அசோகன் கொஞ்ச நேரம் காத்திருந்தார். கதவு திறந்தது.

"அசோகா."

"சார்."

"பூட்டு நல்லாத்தானே இருக்கு?"

அசோகன் குனிந்து பார்த்தார். சாவி சரியாகச் செருகியிருந்தது. சாரின் விரல்கள் அதைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தன. பலமாக, விடாமல், தவறான பக்கமாக. 'கொஞ்சம் டைட்டா இருக்கும் சார், மழை இல்ல' என்று சொல்ல நாக்கு தயாராக நின்றது. சொன்னால் சார் நம்புவார். இன்னும் ஒரு நாள், இரண்டு நாள் சந்தோஷமாக இருப்பார்.

"பூட்டு நல்லாருக்கு சார்."

"அப்போ நான்தான்."

"ஆமா சார். நீங்கதான்."

சார் தலையை ஆட்டினார். அவர் முகத்தில் பயம் இருந்தது.  ஆனாலும் அசோகன் கையை நீட்டிச் சாவியை வாங்கவில்லை, நகரவும் இல்லை. தூறலில் நனைந்துகொண்டு கதவருகிலேயே நின்றார்.

"எந்தப் பக்கம் திருப்பணும்?"

"முன்பக்கமா சார்."

சார் முன்பக்கமாகத் திருப்பினார். என்ஜின் எழுந்தது. கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கும் மறந்துட்டா?"

"கேளுங்க சார். சொல்றேன்."

"நாளன்னைக்கு?"

"அன்னைக்கும் சொல்றேன் சார்."

சார் இறங்கி, காரைப் பிடித்துக்கொண்டே மெல்லச் சுற்றிப்போய், இடது பக்கம் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.